பாதித் திரையில் அக்கா, பாதித் திரையில் எழுத்து

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி என்றால் எங்கள் நாலு பேருக்கும் வேறு வேலை கிடையாது. பெரியக்கா தென்காசியில். நான் கல்கத்தாவில், லேக் கார்டன்ஸில். எனக்கு அடுத்தவள் ஜாம்ஷெட்பூரில். கடைக்குட்டி சென்னையில். கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவோம். பேசுவோம் என்றால் அவர்கள் மூன்று பேரும் பேசுவார்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். மூன்று பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தால் என் நாக்கு உள்ளே போய்விடும். பார்க்கிறவர்கள் கூடப் பிறந்தவர்கள் தானே என்று அதற்குத் தெரியாது. காமிராவில் என் முகம் முழுசாக விழாதபடி கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவேன். கடைக்குட்டி கேட்பாள், "சின்னக்கா, நீ வந்திருக்கியா, இல்ல உன் காது மட்டும் வந்திருக்கா?"

பெரியக்கா எனக்கு நேர் எதிர். அவள் பேசினால் தெரு கேட்கும். போன மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. டாக்டர் ஒரு மெஷின் கொடுத்தார். "காதுக்குள்ள எவனோ தகரத்தைப் போட்டு இழுக்கான்" என்று சொல்லி அதை அலமாரியில் வைத்துவிட்டாள். அவள் மகள் நோட்டில் எழுதிக் காட்டித்தான் வீட்டில் பேச்சு நடக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அந்த மகளுக்கு டியூஷன் பிள்ளைகள் வந்துவிடும். லேப்டாப்பை டிவியோடு சேர்த்து எங்களை டிவியில் போட்டுக் கொடுத்துவிட்டு அவள் அடுத்த ரூமுக்குப் போய்விடுவாள். அக்கா தனியாக உட்கார்ந்து எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மூன்று வாரம் பார்த்தாள். நாலாவது வாரம் நடுத்தங்கச்சி ஏதோ சொல்லி நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

"நீங்க சிரிக்கீய. எதுக்குச் சிரிக்கீயன்னு எனக்குத் தெரியல. ஊமைப்படம் பாக்கவா நான் தலை சீவிட்டு வந்து உக்காந்திருக்கேன்? வாற ஞாயித்துக்கிழமை ஒரு நாள் வருவேன். அதோட சரி. அப்புறம் என்னைக் கூப்பிடாதீய."

கடைக்குட்டி கையைக் கையை ஆட்டினாள். "அக்கா, அக்கா" என்றாள். அதுவும் அவளுக்குக் கேட்கவில்லையே. அக்கா எழுந்து போய் அணைத்துவிட்டாள். அவள் இருந்த இடம் கறுப்பாகி, மற்ற இரண்டு முகமும் பெரிதாகிவிட்டது. அந்தப் பெரிய முகங்களைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பேசினால் தானாக எழுத்து ஓடுகிற வசதி ஒன்று உண்டு என்று கடைக்குட்டி கண்டுபிடித்து வந்து அமுக்கிப் பார்த்தாள். நாங்கள் பேசுகிற பேச்சு அதற்குப் புரியவில்லை. நடுத்தங்கச்சி மாவு புளித்ததைச் சொன்னால் அது கோர்ட் நோட்டீஸ் மாதிரி என்னவோ எழுதியது. அதை விட்டுவிட்டோம்.

என் வீட்டுக்காரர் ரயில்வே ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பார். பேப்பருக்குப் பின்னாலிருந்தே சொன்னார்: "இதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? அக்காவுக்கு லெட்டர் போடு. இன்னைக்கு நீங்க சொன்ன ஜோக்குக்கு அவங்க அடுத்த வியாழக்கிழமை சிரிப்பாங்க."

அவர் கேலிக்குத்தான் சொன்னார். எனக்கு அது கேலியாகப் படவில்லை. லெட்டர் தானே வேண்டும்? வியாழக்கிழமை சேராமல் அந்த நிமிஷமே போய்ச் சேருகிற லெட்டர். அவர்கள் பேசப் பேச நான் எழுதி, அது அக்கா டிவியில் தெரிந்தால் போதும். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைதான். ஆனாலும் தமிழ் எழுத வரும். இங்கிலீஷ் எழுத்தைத் தட்டினால் தமிழ் எழுத்தாக விழும்படி இவர் முன்னமே செய்து கொடுத்திருந்தார். இங்கிலீஷ் எழுத்து பஸ் போர்டிலும் ரயில் டிக்கெட்டிலும் பழகினதுதான். அந்த எழுத்தை அவர்களுக்குக் காட்டுவது எப்படி என்பது மட்டும்தான் தெரியவில்லை.

எதிர் ஃப்ளாட்டில் பௌதி இருக்கிறாள். கட்டடத்தில் எல்லாருக்கும் அவள் அண்ணி முறை, அதனால் பௌதி. ஆபீஸ்பாரா வட்டாரத்தில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் டைப் அடித்து, அப்புறம் கம்ப்யூட்டரில் அடித்து ரிட்டயர் ஆனவள். திங்கட்கிழமை போய்க் கதவைத் தட்டினேன். எனக்குத் தெரிந்த பெங்காலியில் அக்கா கதையைச் சொன்னேன். பாதியிலேயே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "வா திதி, உன் கம்ப்யூட்டரைக் காட்டு" என்றாள். பெங்காலியில் திதி என்றால் அக்கா.

வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். நான் எந்த விண்டோவைத் திறந்தாலும் திரை முழுக்கத் திறப்பேன். ஒன்றைப் பார்த்து முடித்து, மூடிவிட்டு, அப்புறம்தான் அடுத்தது. ஒரே நேரத்தில் இரண்டு திறக்கலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று திறந்திருக்கும்போது இன்னொன்றைத் திறந்தால் முதலாவதின் மேலே போய் உட்கார்ந்துகொள்கிறதே. படம், பாட்டு என்றால் போகட்டும். அக்கா தங்கச்சி உட்கார்ந்திருக்கிற விண்டோ மேல் இன்னொன்றைப் போடலாமா? பேசிக்கொண்டிருக்கிறவர்கள் முகத்தில் துணி போடுகிற மாதிரி.

பௌதிக்கு அது புரியவே இல்லை. "அவங்களுக்கு எப்படித் தெரியும் நீ மூடினது?"

"எனக்குத் தெரியுமே."

"சரி, அப்ப அவங்களைக் கீழே இறக்கி வை. வேலை முடிஞ்சதும் மேலே கொண்டு வா" என்று மூலையில் ஒரு சின்னக் கோட்டைக் காட்டினாள். அதை அமுக்கினால் விண்டோ திரைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். பேச்சு அறாது.

அதைச் செய்து பார்க்கத்தான் புதன்கிழமை தங்கச்சிகள் இரண்டு பேரையும் கூப்பிட்டேன். வந்தார்கள். இனி அவர்களைக் கீழே இறக்கிவிட்டு எழுத்து விண்டோவைத் திறக்க வேண்டும். முகத்துக்கு முகம் உட்கார்ந்திருப்பவர்களை ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி இறக்குவது? "போயிட்டு வாரேன்" என்றேன்.

"சரிக்கா, வா" என்று இரண்டு பேரும் அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுபடி கூப்பிட்டேன். "ஏன் சின்னக்கா போயிட்டே?" என்றாள் கடைக்குட்டி. "நான் போகல, நீங்கதான் போனீங்க" என்றேன். சரி என்று மறுபடி கோட்டுப் பக்கம் கையைக் கொண்டு போனேன். வாய் பழக்கம், "போயிட்டு வாரேன்" என்று வந்துவிட்டது. திரும்பவும் போய்விட்டார்கள்.

இவர் பேப்பரை மடித்தே வைத்துவிட்டார். "நீ என்ன ஹவுரா பிளாட்பாரத்துல நின்னு வழியனுப்பிட்டிருக்கியா?"

பௌதிக்கு நான் விளக்கிச் சொன்னதும் என் கட்டிலில் விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "சரி திதி, உனக்கு ஒருத்தரை மறைக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது. அப்ப ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வைக்கிறதுதான் வழி."

விண்டோவுக்குத் தலைப்பக்கம் ஒரு பட்டை உண்டு. மவுஸால் அதைப் பிடித்து இடது ஓரத்துக்கு இழுத்து, திரையின் சுவரில் கொண்டுபோய் முட்டவேண்டும். முட்டினதும் அது தானே ஒடுங்கிப் பாதித் திரையில் நிற்கும். அப்புறம் மற்றதை வலது ஓரத்தில் முட்டினால் அது மறுபாதியில் நிற்கும். ஒன்றை ஒன்று மிதிக்காது. லோக்கல் ரயிலில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் வந்தால் எல்லாரும் இடுப்பை ஒடுக்கி இடம் விடுவார்களே, அந்த மாதிரி. எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற வரைக்கும் விண்டோக்களை இடது சுவரிலும் வலது சுவரிலும் முட்டிக்கொண்டே இருந்தேன். நாலு விண்டோவை நாலு மூலையில் உட்காரவைக்கவும் வந்துவிட்டது. கூட்டிப் பெருக்கின வீடு மாதிரி திரை சுத்தமாக இருந்தது. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "காலி விண்டோவை அடுக்கி வச்சு யாருக்குக் காட்டுதே?" என்றார். ஆனாலும் நின்று பார்த்தார்.

வெள்ளிக்கிழமை பௌதியே என் பெரியக்காவாக நடித்தாள். அவள் ஃப்ளாட்டில் அவள் லேப்டாப்பில் உட்கார்ந்துகொண்டாள். நான் என் திரையை அவளுக்குக் காட்ட வேண்டும். காட்டு என்றதும் கம்ப்யூட்டர் கேட்டது, திரை முழுக்கவா, ஒரு விண்டோ மட்டுமா என்று. ஒன்றை ஏன் ஒளிக்க வேண்டும் என்று திரை முழுக்கக் காட்டிவிட்டேன். என் திரைக்குள் என் திரை, அதற்குள் என் திரை, அதற்குள் இன்னும் சின்னதாக என் திரை. முடி வெட்டுகிற கடையில் முன்னாலும் பின்னாலும் கண்ணாடி வைத்த மாதிரி. எத்தனை நான்! இருக்கிற ஒரு நானே எனக்கு ஜாஸ்தி. பயந்து கையை எடுத்துவிட்டேன்.

பௌதி கதவைத் திறந்து மாடி நடையில் நின்றே கத்தினாள். "எழுத்து விண்டோவை மட்டும் காட்டு! அது மட்டும்!"

அது மட்டும் காட்டினேன். 'அக்கா சௌக்கியமா' என்று தட்டினேன்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. பெருசாக்கு."

பெருசாக்கினேன். இன்னும் என்றாள். ஒரு வரிக்கு நாலு வார்த்தைக்கு மேல் பிடிக்காத அளவுக்குப் பெருசான பிறகுதான் விட்டாள். "எனக்குத் தமிழ் ஒண்ணும் புரியல. நீங்க பேசறதும் புரியல, நீ எழுதறதும் புரியல. இப்ப நான் அச்சு அசல் உன் அக்காதான்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒன்பதரைக்கே குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பௌதி பூரி மாதிரி இருக்கிற லூச்சியும் உருளைக்கிழங்கும் ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு என் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டாள். இவர் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். பேப்பர் தலைகீழாக இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

முதலில் கடைக்குட்டி வந்தாள், அப்புறம் நடுத்தங்கச்சி. பத்து மணிக்கு அக்கா வந்தாள். ஆனால் அவள் முகத்தில் பழைய அக்கா இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, "வந்துட்டேன். பாத்தாச்சுல்லா?" என்றாள்.

இடது பாதியில் அவர்களை முட்டி நிறுத்தினேன். வலது பாதியில் எழுத்து விண்டோ. அதை மட்டும் காட்டு என்று கொடுத்தாயிற்று. எல்லாம் சரியாக இருந்தது. அப்போதுதான் பார்த்தேன், அக்கா கடைசியாக வந்ததால் கம்ப்யூட்டர் அவளைக் கீழ் வரிசையில் வைத்திருந்தது. கடைக்குட்டி மேலே. பெரியக்கா கடைக்குட்டிக்குக் காலடியில். எங்கள் வீட்டில் பந்தியிலும் அப்படி உட்கார்ந்தது கிடையாது, போட்டோவிலும் நின்றது கிடையாது. அக்காவின் கட்டத்தைப் பிடித்து இழுத்து மேலே இடது ஓரத்தில் வைத்தேன். பிறகு நடுத்தங்கச்சியை, அப்புறம் கடைக்குட்டியை. வயசுப்படி.

"என்ன செய்யுதே சின்னக்கா?" என்றாள் கடைக்குட்டி. "எங்க திரையில நாங்க இருந்த இடத்துலதான் இருக்கோம். உன் வீட்டுல மாத்தி என்ன ஆகப் போகுது?"

நான் வேகமாகத் தட்டினேன். 'அக்கா இங்க பாரு. நாங்க பேசுறத நான் எழுதுறேன்.' கண்ணைக் கீபோர்டிலிருந்து எடுக்காமல் தட்டி முடித்து நிமிர்ந்தேன். எழுத்து விண்டோ வெள்ளையாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை. மறுபடி தட்டினேன். வெள்ளை. கூடவே என் மைக் அணைந்து, எரிந்து, அணைந்து, எரிந்தது.

அக்கா தன் டிவியில் அந்த வெள்ளைச் சுவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதென்ன, வெள்ளையடிச்சுக் காட்டுதீயளா?" என்றாள். எழுந்துவிட்டாள். அவள் கட்டத்தில் முகம் போய்ப் புடவை மட்டும் தெரிந்தது. அணைக்கத்தான் வருகிறாள். இந்த முறை அணைத்தால் அவ்வளவுதான், அவள் சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை.

"திதி!" பௌதி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கடைசியா எதைத் தொட்டே? எதைத் தொட்டியோ அதுதான் நீ சொல்றதைக் கேக்கும்!"

கடைசியாகத் தொட்டது அவர்கள் கட்டத்தை. வயசுப்படி உட்காரவைத்தேனே. நான் தட்டினதெல்லாம் அந்தப் பக்கம் போய் விழுந்து மைக்கை அணைத்து ஏற்றிக்கொண்டிருந்தது. வலது பாதியில் எழுத்து விண்டோ நடுவில் ஒரு தொடு தொட்டேன். எழுத்து விழும் இடத்தில் கோடு மினுங்கியது. இரண்டே வார்த்தை தட்டினேன்.

'அக்கா உக்காரு'

அணைக்க வந்ததால் டிவிக்குப் பக்கத்திலேயே வந்திருந்தாள். குனிந்தாள். அவள் நெற்றியும் குங்குமமும் கட்டம் முழுக்க நிறைந்தது. "அக்கா உக்காரு" என்று வாய்விட்டுப் படித்தாள். "யாருட்டி இது எழுதுதது?"

'நான்தான்'

"சின்னவளா?" என்றாள். அப்படியே பின்னாலேயே நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பௌதி என் முதுகில் ஒரு அடி வைத்தாள். வலித்தது. நல்ல அடி.

அதற்கப்புறம் தங்கச்சிகள் இரண்டு பேரும் ஒரே மூச்சில் ஆரம்பித்துவிட்டார்கள். கடைக்குட்டி அவள் அபார்ட்மெண்ட் சங்கத்தில் செகரட்டரி ஆன கதை. யார் எதிர்த்து நின்றது, யார் ஓட்டுப் போடாமல் வெளியூர் போனது, இவள் என்ன பேசினாள், எப்படிக் கை தட்டினார்கள் என்று பத்து நிமிஷம். என் விரல் அவ்வளவு வேகம் போகாது. எழுத்தும் அவ்வளவு பெரிது, மூன்று வரிக்கு மேல் எழுதினால் முதல் வரி மேலே போய்விடும். அதனால் முழுக்கக் கேட்டுக்கொண்டு, முடிந்ததும் எழுதினேன்.

'கடைக்குட்டி செகரட்டரி ஆயிட்டா.
லிஃப்ட் இன்னும் ஓடல.'

அக்கா படித்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், ஸ்பீக்கர் கிர் என்றது. எத்தனை மாசம் ஆயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! "ஏட்டி, முதல்ல லிஃப்டை ஓட வையிட்டி! பொறவு மாலை போட்டுக்கலாம்!"

"சின்னக்கா!" என்று கடைக்குட்டி கத்தினாள். "நான் லிஃப்டைப் பத்திக் கடைசியா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன்! மீதியெல்லாம் எங்க?"

'கோவிச்சுக்கிட்டா' என்று எழுதினேன். அக்காவுக்கு இன்னும் சிரிப்பு.

நடுத்தங்கச்சி ஜாக்கிரதையானவள். மெதுவாக, எனக்கு நேரம் விட்டு விட்டுத்தான் சொன்னாள். ராஞ்சிக்குப் போனது, வழியில் சாப்பிட்டது, அருவி பார்க்க இறங்கினது, செருப்பு அறுந்தது எல்லாம். நான் எழுதினேன்: 'இவ ராஞ்சி போனா. மழை. திரும்பி வந்துட்டா.'

"இருபது நிமிஷம் சொன்னேன் சின்னக்கா! மூணு வரியா?"

அவள் வாய் போன போக்கிலேயே அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "மூணு வரி போதும்ட்டி. உன் கதைக்கு அதே ஜாஸ்தி."

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு வருஷம் நான் சும்மாவா கேட்டுக்கொண்டிருந்தேன்? அவர்கள் பேச்சில் எது காய், எது தோல் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. வாயால் சொல்ல வராததெல்லாம் விரல் வழியாக வந்தது. காமிராவுக்குத் தள்ளி உட்காரவும் மறந்துபோனேன்.

அக்கா திடீரென்று, "எல்லாருக்கும் எழுதுதே. நீ என்ன சொல்லுதே? உன் பேச்சைக் காணோமே" என்றாள்.

மூன்று பேரும் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். வழக்கமாக என் நாக்கு உள்ளே போகிற நேரம். விரல் நிற்கவில்லை. பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்ததோ அதையே எழுதினேன்.

'பௌதி லூச்சி கொண்டாந்தா.
இவுக ஆறாவது தின்னுதாக.'

"ஆறா!" அக்கா போட்ட சத்தத்தில் பௌதிகூடத் துள்ளினாள். "ஏ தம்பி! உங்களுக்குச் சர்க்கரை இருக்குல்லா? ஆறு லூச்சியா திங்கீய?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து இவர் எழுந்து வந்தார். கையில் பாதி லூச்சி. "நாலுதான் மதினி, நாலுதான்" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். அக்காவுக்கு எங்கே கேட்கிறது? வலது பாதியில் எழுத்து வந்தால்தான் அவளுக்குப் பேச்சு. எழுத்து என் கையில்.

"எழுது. நாலுன்னு எழுது" என்றார்.

"நான் பாத்தது ஆறு."

"ரெண்டு சின்னது. அதை ஒண்ணாத்தான் கணக்கு வைக்கணும். அப்படியே எழுது."

"அவ்வளவு பெரிய எழுத்துல அவ்வளவு நீளம் கொள்ளாது" என்றேன். பௌதிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் இவர் முகத்தைப் பார்த்தே எல்லாம் புரிந்து, தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தங்கச்சிகள் இரண்டு பேரும் அவரவர் கட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் மணி பன்னிரண்டாகிவிட்டது. தென்காசியில் டியூஷன் முடிந்து அக்கா மகள் உள்ளே வந்தாள். டிவிப் பக்கம் போய் அணைக்கக் கையை நீட்டினாள். அக்கா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ போய் உலை வையி. உன் சித்தி இன்னும் எழுதி முடிக்கல. வாற வாரம் ஒன்பதரைக்கே போட்டுக் குடுத்துரணும், கேட்டியா? பத்து மணிக்கு வந்தா எங்களுக்கு நேரம் பத்தல."